மண்ணில் கிடக்கும் பழைய பாக்கி

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஆகஸ்ட் மாதம், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை மெண்டோட்டா ஏரிக்கு அழைத்துப் போனேன். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனில். மெண்டோட்டா, மோனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் இது. நீச்சல் உடையோடு காரிலிருந்து குதித்து ஓடிய மகள், ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தாள். கரையில் அறிவிப்புப் பலகை. நீலப்பச்சைப் பாசி அதிகமாக இருக்கிறது, யாரும் இறங்க வேண்டாம், நாய்களையும் இறக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. கரையோரத் தண்ணீரில் பச்சை பெயிண்டைக் கொட்டியது மாதிரி ஒரு படலம்.

அப்பா சிவகங்கைப் பக்கம் நாற்பது வருடம் நெல் போட்டவர். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன தம்பி, யாரோ டிஏபி மூட்டையத் தண்ணிக்குள்ள கவுத்துவிட்ட மாதிரில்ல இருக்கு."

"இந்த ஊர்ல அப்படியெல்லாம் விட மாட்டாங்கப்பா" என்று சிரித்தேன். பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தபோது அப்பா சொன்னது கிட்டத்தட்ட சரி என்று தெரிந்தது. ஒரே ஒரு திருத்தம்தான். மூட்டையைக் கவிழ்த்தது இந்த வருடம் இல்லை, பல பத்தாண்டுகளாகக் கவிழ்த்திருக்கிறார்கள். அதுவும் தண்ணீரில் இல்லை, மண்ணில்.

கழிவுநீரை நிறுத்தியும் பாசி போகவில்லை

மெண்டோட்டா சாதாரண ஏரி இல்லை. கரையிலேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கிறது. எட்வர்ட் பர்ஜ், சான்சி ஜூடே காலத்திலிருந்து நூறு வருடத்துக்கும் மேலாக இந்தத் தண்ணீரை அளந்துகொண்டே இருக்கிறார்கள். உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட ஏரிகளில் இதுவும் ஒன்று. பரப்பு சுமார் 40 சதுர கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 25 மீட்டர்.

பாசிக்குக் காரணம் பாஸ்பரஸ். நம் ஊர் விவசாயிகள் மணிச்சத்து என்று சொல்வார்களே, அதேதான். கதிரில் மணி பிடிக்க வைக்கிற சத்து. நெல்லுக்கு எது சாப்பாடோ அது பாசிக்கும் சாப்பாடு. ஒரு பவுண்டு பாஸ்பரஸ் 500 பவுண்டு பாசியை வளர்க்கும் என்பது இந்த ஊரில் அடிக்கடி கேட்கிற கணக்கு.

முதலில் எல்லோரும் கைகாட்டியது சாக்கடையை. அது நியாயமும்தான். மேல்பகுதி ஊர்களின் கழிவுநீர் மெண்டோட்டாவுக்குள்தான் வந்துகொண்டிருந்தது. 1971ல் அதைத் திருப்பிவிட்டார்கள். பிரச்சினை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஐம்பது வருடம் கழித்து என் மகள் அதே பலகையைப் பார்த்துத் திரும்பி வருகிறாள்.

ஏன் என்பதற்குப் பதில், ஏரியைவிட்டு வெளியே வந்து அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பார்த்தால்தான் கிடைக்கும். அதாவது மழைத் தண்ணீர் வழிந்து மெண்டோட்டாவுக்கு வந்து சேருகிற நிலம் முழுவதும். பெரும்பாலும் மக்காச்சோளம், சோயா, பால் பண்ணைகள்.

வரவு, செலவு, மிச்சம்

எலினா பென்னட், ஸ்டீபன் கார்ப்பென்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1999ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிற மாதிரி, இந்த நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வருடத்துக்கு எவ்வளவு பாஸ்பரஸ் வருகிறது, எவ்வளவு போகிறது என்று பார்த்தார்கள்.

வரவு சுமார் 13 லட்சம் கிலோ. பெரும்பாலும் உரமாகவும், மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் சத்தாகவும் வந்தது. செலவு, அதாவது தானியம், பால், இறைச்சி என்று வெளியே போனது, சுமார் 7 லட்சத்து 32 ஆயிரம் கிலோ. மிச்சம் 5 லட்சத்து 75 ஆயிரம் கிலோ. அந்த மிச்சத்தில் பெரும்பகுதி எங்கேயும் போகவில்லை, வயல் மண்ணிலேயே தங்கியது. ஏரியைப் போய்ச் சேர்ந்தது வருடத்துக்கு வெறும் 34 ஆயிரம் கிலோ.

இந்த எண்களை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏரியைப் பச்சையாக்குவதற்கு 34 ஆயிரம் போதும். ஒரே வருடத்தின் மிச்சம் அதைப் போலக் கிட்டத்தட்ட 17 மடங்கு. இப்படி எத்தனை வருட மிச்சம் அந்த மண்ணில் கிடக்கிறது!

அதற்குப் பிறகு வந்த கணக்குகளில் வரவு குறைந்திருக்கிறது. விவசாயிகள் உரத்தைக் குறைத்திருக்கிறார்கள், தீவனத்தையும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் வரவைக் குறைப்பதும் பழைய இருப்பைக் கரைப்பதும் வேறு வேறு வேலை.

மண் ஏன் பிடித்து வைத்துக்கொள்கிறது?

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஓடுகாலி. போட்டது பயிருக்குப் போகும், மீதி தண்ணீரோடு கீழே இறங்கும், அல்லது காற்றில் கலக்கும். மணிச்சத்தின் குணம் நேர் எதிர். மண்ணில் உள்ள இரும்பு, அலுமினியம், சுண்ணாம்பு ஆகியவற்றோடு ஒட்டிக்கொள்ளும். போட்ட இடத்தைவிட்டு எளிதில் நகராது. பயிர் அந்த வருடம் எடுத்துக்கொள்வது ஒரு பங்குதான். மீதி அங்கேயே இருக்கும்.

ஆரம்பத்தில் இதை நல்ல விஷயமாகத்தான் பார்த்தார்கள். மண்ணில் போடுவது வங்கியில் போடுவது மாதிரி, வீணாகாது என்ற எண்ணம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உரம் மலிவானது. கூடுதலாக ஒரு கை போட்டால் பாதுகாப்பு என்று போட்டார்கள்.

இன்னொரு சிக்கல் எரு. மாட்டுச் சாணத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிர் கேட்கிற விகிதத்தில் இருப்பதில்லை. மணிச்சத்து கூடுதலாக இருக்கும். மக்காச்சோளத்துக்குத் தேவையான தழைச்சத்தைச் சாணத்திலிருந்தே கொடுக்க நினைத்தால், மணிச்சத்து தேவைக்கு மேல் போய் விழும். சாணி எடை கூடிய சரக்கு, தூரத்து வயலுக்குக் கொண்டுபோக டீசல் செலவு கட்டுபடியாகாது. அதனால் பண்ணைக்குப் பக்கத்து வயல்களிலேயே வருடா வருடம் கொட்டப்படுகிறது.

தீவனக் கதை இன்னும் சுவாரசியம். மணிச்சத்து கூட்டிக் கொடுத்தால் மாடு நன்றாகச் சினை பிடிக்கும் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். தேவைக்கு மேல் கொடுப்பதால் எந்தப் பலனும் இல்லை என்று விஸ்கான்சின் ஆய்வாளர்களே பின்னால் காட்டினார்கள். மாடு தின்ற கூடுதல் மணிச்சத்து சாணி வழியாக நேராக வயலுக்குத்தான் போயிருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று செய்த காரியங்களின் மொத்தம் இது.

வருடத்தில் 29 நாட்கள்

நகராத பாஸ்பரஸ் ஏரிக்கு எப்படிப் போகிறது? மண்ணோடு சேர்ந்து போகிறது. பெருமழையில் அரித்துப்போகும் வண்டலின் ஒவ்வொரு துகளிலும் அது ஒட்டியிருக்கிறது. மண் நிறைந்து போன வயல்களில் கரைந்தும் போகிறது.

கார்ப்பென்டர் குழு பல வருடத் தரவுகளை எடுத்துப் பார்த்ததில் ஒரு வியப்பான உண்மை தெரிந்தது. வருடத்துக்குச் சராசரியாக 29 நாட்களில் மட்டும், ஏரிக்கு வரும் பாஸ்பரஸில் 74 சதவீதம் வந்து சேர்ந்துவிடுகிறது. அதில் பல நாட்கள் குளிர்காலக் கடைசியில் வருபவை. நிலம் பாறை மாதிரி உறைந்து கிடக்கும், மேலே பனி, அதன் மேல் கொட்டிய சாணி. திடீரென்று வெயில் அடித்துப் பனி உருகினாலோ மழை பெய்தாலோ தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை. எல்லாம் வழித்துக்கொண்டு ஓடைக்குப் போகும்.

இப்போது பெருமழைகளும் கூடிவிட்டன. 2018 ஆகஸ்ட்டில் மேடிசனுக்கு மேற்கே ஒரே நாளில் பத்து அங்குலத்துக்கும் மேல் கொட்டித் தீர்த்தது இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். விவசாயி பத்து வருடம் பார்த்துப் பார்த்துச் சேமித்ததை இப்படி ஒரு மழை பறித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் இவ்வளவு முயற்சிக்குப் பிறகும் ஏரி தெளிந்ததாகத் தெரியவில்லை.

நமக்குத் தெரிந்த வார்த்தைதான்

மண்ணில் கிடக்கும் இந்தப் பழைய பாஸ்பரஸுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'லெகசி பாஸ்பரஸ்'. ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இந்த 'லெகசி' என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். இருபது வருடத்துக்கு முன் யாரோ அவசரத்தில் எழுதிவிட்டுப் போன புரோகிராம். எழுதியவர் கம்பெனியில் இல்லை. அது தொடாத இடம் இல்லை. இன்றைக்கு நாம் எவ்வளவு நல்லபடியாக எழுதினாலும் பழையது உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கார்ப்பென்டர் 2005ல் இந்த ஏரியை வைத்து ஒரு கணித மாதிரி வெளியிட்டார். மண்ணில் சேர்ந்துவிட்ட பாஸ்பரஸ் குறையும் வேகம் அவ்வளவு மெதுவானது. அதனால் ஏரி இப்படிப் பாசியேறிய நிலையிலேயே பல நூறு வருடங்கள் நீடிக்கவும் வாய்ப்பிருக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

வயலில் மட்டும் இல்லை, ஓடைகளின் அடியிலும் பழைய பாக்கி கிடக்கிறது. டேன் கவுண்டி நிர்வாகம் அளந்து பார்த்ததில், 33 மைல் நீள ஓடைகளின் அடிச்சேற்றில் 8 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டு பாஸ்பரஸ் இருப்பது தெரிந்தது. 1890களிலிருந்து படிந்த சேறு. இப்போது கோடிக்கணக்கில் செலவு செய்து, குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "கரம்பை அள்றாங்கன்னு சொல்லு" என்றார். கோடையில் கண்மாய் வற்றியதும் மாட்டு வண்டி கட்டிப் போய்க் கரம்பை மண்ணை அள்ளி வயலில் கொட்டுவார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மழையோடு கண்மாய்க்குப் போன சத்து, வண்டியில் ஏறி வயலுக்குத் திரும்பி வரும். கண்மாயும் ஆழமாகும். வட்டம் அங்கேயே முடிந்துவிடும். இங்கே வட்டம் முடிவதில்லை. எங்கோ தோண்டியெடுத்த பாறை உரமாக வருகிறது, வயலில் தங்குகிறது, ஏரியில் முடிகிறது. இதைச் சொல்வதால் நம் ஊர் முறைதான் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று பெருமையடிக்க வரவில்லை. சாக்கடை கலக்கும் இன்றைய நம் கண்மாய்களில் கரம்பை அள்ளுவதற்கு முன் அதையும் பரிசோதிக்க வேண்டிய நிலைமைதான்.

அப்புறம் எதுக்குச் செய்யணும்?

இதுதான் அலுவலக கேன்டீனில் என்னிடம் ஒரு நண்பர் கேட்டது. "நூறு வருஷம் ஆகும்னா, நம்ம வரிப் பணத்தை ஏன் ஏரியில கரைக்கணும்? நாம என்ன இங்க நூறு வருஷமா இருக்கப் போறோம்?" மேடிசனில் குடிநீர் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து வருகிறது, ஏரியிலிருந்து இல்லை. அதனால் இப்படிக் கேட்பது சுலபம்.

எனக்கு இந்தக் கேள்வியின் மேல் கோபம் இல்லை. ஆனால் இதில் ஒரு தவறு இருக்கிறது. வருடா வருடம் கடற்கரைப் பலகையைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் மாறலையே" என்று தீர்ப்புச் சொன்னால், அடைத்துக்கொண்டிருக்கும் கடனை நடுவில் நிறுத்திவிடுவோம். இருபது வருட வீட்டுக் கடனில் முதல் மூன்று வருடம் அசல் குறைந்த மாதிரியே தெரியாது. அதற்காக யாரும் தவணை கட்டாமல் இருப்பதில்லை. ஏரியை மட்டும் வைத்து முன்னேற்றத்தை அளக்கக் கூடாது. வயல்களின் மண் பரிசோதனையில் மணிச்சத்து வருடத்துக்கு வருடம் இறங்குகிறதா, ஓடையில் வரும் அளவு குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

வேலை நடக்காமலும் இல்லை. இங்குள்ள கழிவுநீர் நிர்வாகம், சுத்திகரிப்பு நிலையத்தில் பெரும் செலவில் புது இயந்திரம் மாட்டுவதற்குப் பதிலாக, நீர்ப்பிடிப்புப் பகுதியில் பாஸ்பரஸைக் குறைக்கிற வேலைகளுக்குப் பணம் கொடுக்கிற திட்டத்தை நடத்துகிறது. விவசாயிகளே சேர்ந்து அமைப்பு தொடங்கி, அறுவடைக்குப் பிறகு மூடுபயிர் போடுவது, உழாமல் விதைப்பது, சாணிக் கரைசலை மேலே தெளிக்காமல் மண்ணுக்குள் செலுத்துவது என்று செய்கிறார்கள். சில பண்ணைகளின் சாணி எரிவாயுக் கலனுக்குப் போகிறது. கழிவுநீரிலிருந்தே பாஸ்பரஸைப் பிரித்து உர மணிகளாக்கி விற்கிறார்கள். எல்லாம் நிதானமான வேலைகள். தேர்தலுக்குத் தேர்தல் பட்ஜெட்டில் வெட்டுவதற்கு வசதியானவையும் இவைதான்.

நாமும் கணக்கில் இருக்கிறோம்

"விவசாயி பண்ற தப்புக்கு நான் என்ன செய்ய?" என்று கேட்கலாம். அந்த வரவு செலவுக் கணக்கில் வெளியே போகும் பாலும் சீஸும் யார் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போகிறது? என் வீட்டில் வாரத்துக்கு மூன்று கேலன் பால் வாங்குகிறோம், தயிர் இல்லாமல் சாப்பாடு இறங்காது. மலிவான பாலுக்குப் பின்னால் இருக்கும் சாணியில் நமக்கும் பங்கு உண்டு. அதற்காகப் பாலை நிறுத்தச் சொல்லவில்லை. சாணியைச் சரியாகக் கையாள ஆகும் செலவில் கொஞ்சம் வரியாக நம் தலையில் விழுந்தால் முணுமுணுக்காமல் இருக்கலாம்.

புறநகரில் வீடு வாங்கிய நம்மவர்கள் புல்வெளி மேல் காட்டும் பாசத்தைப் பார்த்திருக்கிறேன். டேன் கவுண்டியில் 2005லிருந்தே புல்வெளிக்குப் பாஸ்பரஸ் உரம் போடக் கட்டுப்பாடு உண்டு. உரப் பையில் இருக்கும் மூன்று எண்களில் நடு எண் பூஜ்யமா என்று பாருங்கள். அதைவிட முக்கியம் இலையுதிர்காலம். மேடிசனில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வில், தெருவில் விழுந்த இலைகளை மழைக்கு முன் அகற்றினால் அந்தப் பருவத்தில் தெருவிலிருந்து வடியும் பாஸ்பரஸ் சுமார் 84 சதவீதம் குறைந்தது. ஊறிய டீத்தூள் மாதிரி, இலையிலிருந்து சத்து மழைநீரில் இறங்கி நேரே ஏரிக்குப் போகிறது. அக்டோபரில் இலையைத் தெருவில் தள்ளாமல் இருப்பது யாராலும் முடிகிற காரியம்.

மேடிசன் தமிழர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் இந்தக் கதை நம்மவர்கள் வாழும் நாடுகளில் எல்லாம் இருக்கிறது. 2014 ஆகஸ்ட்டில் ஈரி ஏரியின் பாசி நஞ்சால் ஒஹாயோவின் டொலீடோ பகுதியில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் சுமார் மூன்று நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. அதே ஏரியின் வடகரைதான் ஒன்டாரியோ. டொரோன்டோ தமிழர்கள் கோடையில் குடும்பத்தோடு போகும் சிம்கோ ஏரிக்குப் பாஸ்பரஸைக் குறைக்கவே 2008ல் தனிச் சட்டம் வந்தது. சுவிட்சர்லாந்தின் செம்பாக் ஏரியில் 1984ல் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்த பிறகு, ஏரிக்கு அடியில் ஆக்சிஜன் செலுத்த ஆரம்பித்தார்கள். வட அயர்லாந்தின் குடிநீரில் சுமார் 40 சதவீதத்தைக் கொடுக்கும் லாக் நே ஏரி 2023ல் பச்சையாகிச் செய்தியானது. எல்லா இடத்திலும் சுற்றியுள்ள மண்ணில் அதே பழைய பாக்கி.

ஊரிலும் ஒரு மண் இருக்கிறது

இதைப் படித்த பிறகு அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். "நாம எவ்வளவு டிஏபி போடுறோம்?" ஏக்கருக்கு ஒரு மூட்டை, அடியுரமாக, ஒவ்வொரு போகத்துக்கும். 50 கிலோ மூட்டையில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. எத்தனை வருடமாக? "டிஏபி வந்த காலத்துலருந்து." மண் பரிசோதனை? "கார்டு ஒண்ணு குடுத்தாங்க. எங்க வச்சேன்னு தெரியல."

நம் மண்ணும் மணிச்சத்தைப் பிடித்து வைக்கும். வேளாண் துறை விற்கும் பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரத்தின் வேலையே, மண்ணில் கட்டுண்டு கிடக்கும் பழைய மணிச்சத்தைக் கரைத்துப் பயிருக்குக் கொடுப்பதுதான். இருப்பு எவ்வளவு என்று பார்க்காமலே வருடா வருடம் மூட்டை வாங்குகிறோம். இந்தியா இந்த உரத்துக்கு வெளிநாட்டையே பெரிதும் நம்பியிருக்கிறது. அங்கே காசு வீண், இங்கே ஏரி வீண்.

அதற்காக ஒரேயடியாக நிறுத்திவிடுவதும் தீர்வு இல்லை. இலங்கையில் 2021ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் விவசாயிகள் பட்ட பாடு ஈழத்து உறவுகளுக்கு நன்றாகத் தெரியும். மணிச்சத்துக்கு மண்ணில் பழைய இருப்பு இருக்கலாம், ஆனால் தழைச்சத்து அப்படித் தங்காது. எந்த வயலில் எது, எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதித்து, மெதுவாகக் குறைப்பதுதான் வழி. மேடிசனில் மெதுவாக நடப்பதும் அதுதான்.

போன தை மாதம் ஊருக்குப் போனபோது நானே மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். எங்கள் இரண்டு ஏக்கரிலும் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்தது. அடுத்த போகத்துக்கு அப்பா ஒரு ஏக்கருக்கு மட்டும் டிஏபியை நிறுத்தினார். "ரெண்டையும் ஒண்ணா நிறுத்த மாட்டேன், பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். விளைச்சலில் வித்தியாசம் இல்லை என்று போன வாரம் போனில் சொன்னார். அடுத்த போகத்துக்கு இரண்டாவது ஏக்கர்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இந்தக் கோடையிலும் இரண்டு முறை பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். "எப்பப்பா சரியாகும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உனக்குப் பிள்ளை பிறந்து, அதற்கும் பிள்ளை பிறக்கும்போது ஒருவேளை சரியாகலாம், இப்போதே ஆரம்பித்தால். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அக்டோபரில் இலை அள்ள அவளுக்கென்று ஒரு சின்ன வாருகோல் வேண்டும் என்றாள். வாங்கி வைத்திருக்கிறேன்.